தெரிந்த முகம் சும்மா வரமாட்டார்: த்ரில்லர் படங்களின் எழுதாத சட்டங்கள்

மூன்றாம்வரிசை

முன்னெச்சரிக்கை: இந்த இழையில் பழைய படங்களின் முடிவுகள் உடைக்கப்படும். பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து ஒரு புது த்ரில்லர் பார்த்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். படம் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனாக ஒருவர் வந்து, கேட்டைத் திறந்துவிட்டு, ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "இவன்தான்" என்றார். எப்படிம்மா என்றேன். "எவ்வளவு பெரிய நடிகன். கேட்டு திறக்கவா இவனுக்குச் சம்பளம் குடுத்துக் கூட்டிட்டு வந்திருப்பாங்க?"

கடைசியில் அவரேதான். இரண்டு மணி நேரம் இயக்குநர் எங்களை ஏமாற்றப் பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு சலாமில் போய்விட்டது.

அப்போதிலிருந்து யோசிக்கிறேன். த்ரில்லருக்கென்று ஒரு சட்டப்புத்தகம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனாலும் எடுப்பவருக்கும் தெரிகிறது, பார்ப்பவருக்கும் தெரிகிறது. அதில் எது இன்னும் வேலை செய்கிறது, எது புளித்துப்போனது? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலைகாரன் யார் என்பதை மறைப்பதை மட்டுமே நம்பி எடுத்த படம் ஒரு தடவைக்குத்தான். நமக்கு எதை எப்போது சொல்லலாம் என்று கணக்குப் போட்டு எடுத்த படம்தான் நிற்கும்.

பின்சீட்டு

"சார், ஒரு முக்கியமான விஷயம். போன்ல சொல்ல முடியாது, நேர்ல வர்றேன்."

இப்படிச் சொன்ன ஒருவர் நேரில் வந்து சேர்ந்ததாகத் தமிழ் சினிமாவில் சரித்திரமே கிடையாது.

அடுத்து, ரிட்டயர் ஆக ஒரு வாரம் இருக்கும் ஏட்டு. மகள் கல்யாணப் பத்திரிகையை வேறு கையில் வைத்திருப்பார். பார்த்த உடனே எனக்குத் துக்கம் தொண்டையை அடைக்கும். படத்தில் நாய் வளர்க்கிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம், இடைவேளையைத் தாண்டாது.

ரீல்பெட்டி

மூன்றாம்வரிசை தம்பி சொன்ன கணக்கு பழைய கணக்குதான். நான் இருபது வருடத்துக்கு மேல் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். எந்தத் தியேட்டர் என்று வேண்டாம், இப்போது அது கல்யாண மண்டபம்.

த்ரில்லர் மன்னர் ஹிட்ச்காக்கை பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1962இல் நாள் கணக்கில் பேட்டி எடுத்தார். அதில் வரும் மேஜை வெடிகுண்டு உதாரணம் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. நமக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை அங்கே வைப்பதை முதலிலேயே நமக்குக் காட்டிவிட்டு, அவர்களை அதே வெட்டிப் பேச்சைப் பேசவிட்டால் பதினைந்து நிமிடம் பதற்றம். பேச்சு ஒன்றுதான், ஆனால் நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம்.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. இந்தச் சட்டத்தைச் சொன்ன மனிதரே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவர். 1936இல் வந்த 'சபோடாஜ்' படத்தில் ஒரு சின்னப் பையன் தன் கையில் இருப்பது குண்டு என்று தெரியாமல் லண்டன் பஸ்ஸில் ஏறுவான். கூடவே ஃபிலிம் பெட்டியும் இருக்கும். அந்தக் காலத்து ஃபிலிம் தீப்பிடிக்கும் சரக்கு, பஸ்ஸில் ஏற்றக் கூடாது. கண்டக்டர் போனால் போகிறதென்று ஏற்றிக்கொள்வார். நாமெல்லாம் பையன் தப்பித்துவிடுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். குண்டு வெடித்துவிடும். அது தப்பு என்று ஹிட்ச்காக்கே பின்னால் ஒத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் பதறவிட்டால் ஆளைக் காப்பாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் ஜனங்களுக்குக் கோபம் வரும். பெட்டி தூக்கிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு அந்தக் காட்சி இன்னும் வயிற்றைக் கலக்கும்.

நம் ஊரிலும் 1964இல் வீணை எஸ்.பாலசந்தர் 'பொம்மை' எடுத்தார். பொம்மைக்குள் வெடிகுண்டு. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கை மாறி கை மாறி ஊரெல்லாம் சுற்றும். யேசுதாசின் முதல் தமிழ்ப் பாட்டு அந்தப் படத்தில் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பொம்மைதான் மேஜைக்கு அடியில் இருக்கும் குண்டு என்று யாரும் சொல்வதில்லை.

கொங்குத்தேன்

ரீல்பெட்டி அண்ணே, மரியாதையோடு மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் முதலிலேயே காட்டிவிட்டால் கடைசியில் கைதட்டல் எங்கிருந்து வரும்? 'துருவங்கள் பதினாறு' (2016) முடிந்தபோது தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரும் நானும் முன்பின் தெரியாதவர்கள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பிளந்தோம். கதை சொல்லும் போலீஸ்காரராக வரும் நடிகர் ரகுமானையே நாம் சந்தேகப்படவில்லையே! சந்தோஷம் என்றால் அதுதான் சந்தோஷம். 'ராட்சசன்' (2018) படத்தில் அந்த வாத்தியார் இன்பராஜ் வந்தவுடன் அவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அயோக்கியன்தான், ஆனால் நாம் தேடும் அயோக்கியன் இல்லை. இப்படித் திசைதிருப்புவதற்கும் தனி மூளை வேண்டும்.

மூன்றாம்வரிசை

கொங்குத்தேன், மூளை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் சொன்ன இன்பராஜ் காட்சிகளை இரண்டாவது முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு கூசும். காரணம் அவன்தான் கொலைகாரனோ என்ற சந்தேகம் அல்ல. அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அதாவது அங்கே வேலை செய்வது ரீல்பெட்டி அண்ணனின் குண்டுதான்.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தில் பெரிய ரகசியத்தைப் படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே அந்தப் பெண் வாயிலாக நமக்குச் சொல்லிவிடுவார். நாயகனுக்குச் சொல்லமாட்டார். அதற்குப் பிறகு அவன் அவளை வேறொருத்தியாக மாற்ற மாற்ற நமக்கு அவன்மேலேயே பயம் வரும். கடைசி ரீலுக்கென்று அதைப் பதுக்கியிருந்தால் இந்தப் பயம் கிடைத்திருக்காது.

'பாபநாசம்' (2015) இன்னும் கெட்டிக்காரத்தனம். யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், எப்படி மறைத்தார்கள், எல்லாம் நமக்குத் தெரியும். ஒரே ஒன்றை மட்டும் மூடி வைத்திருப்பார்கள், உடல் எங்கே என்பதை. இரண்டு மணி நேரம் குண்டு, கடைசி இரண்டு நிமிடம் அதிர்ச்சி. இரண்டு கட்சிக்கும் சாப்பாடு போட்டுவிட்டார் ஜீத்து ஜோசப்.

ரீல்பெட்டி

ஒன்று விட்டுப்போனது, இடைவேளை. நம் ஊர் த்ரில்லரை உருவாக்கியதில் பாதிப் பங்கு அதற்குத்தான். ஹாலிவுட்காரன் இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம். இங்கே நடுவில் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, முறுக்கு விற்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஜனங்கள் கழிப்பறை வாசலில் நின்று கதையைப் பிரித்து மேய்வார்கள். அவர்கள் கையில் ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்து அனுப்பாவிட்டால் கான்டீனிலேயே கண்டுபிடித்துவிட்டு வருவார்கள். அதனால்தான் நம் ஆட்கள் படத்தை எழுதும்போதே இடைவேளைக் காட்சியை முதலில் எழுதுகிறார்கள்.

வெளிநாட்டுப் படத்தில் இடைவேளை இருக்காது. எங்கே நிறுத்துவது என்பது ஆபரேட்டர் இஷ்டம். இரண்டாயிரம் அடி ரீல் ஒன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடும், அது முடியும் இடம் பார்த்து நிறுத்துவோம். ஒரு தடவை கதவுக்குப் பின்னால் கொலைகாரன் நிற்க, அந்தப் பெண் கைப்பிடியில் கை வைத்த நொடியில் ரீல் தீர்ந்தது. நிறுத்தினேன். கீழே விழுந்த கைதட்டலும் விசிலும் இன்னும் காதில் இருக்கிறது. அந்த இயக்குநருக்குத் தெரிந்தால் என்னைத்தான் கொன்றிருப்பார்.

இதோடு இன்னொன்று. 1960இல் 'சைக்கோ' வந்தபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு ஹிட்ச்காக் உத்தரவு போட்டார். கதாநாயகி பாதிப் படத்துக்குள்ளேயே செத்துவிடுவாள், தாமதமாக வந்தவன் அவளைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பானே! எங்கள் தியேட்டரில் அதைச் செய்திருந்தால் கண்ணாடி மிஞ்சியிருக்காது.

பின்சீட்டு

நான் இன்றைக்கும் டைட்டில் முடிந்துதான் உள்ளே போகிறேன். பாப்கார்ன் வரிசை நீளம்.

வெள்ளிவிழா

எல்லாரும் ஹிட்ச்காக், ஹிட்ச்காக் என்கிறீர்கள். நம் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் அதே வீணை பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட இரவுக்கு அடுத்த காலை ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுச் சாகிறான். வீட்டில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டிக் கதை சொல்கிறார்கள். கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார்.

குரோசாவாவின் 'ராஷோமான்' தந்த தூண்டுதல் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த ஜப்பானியப் படத்தில் எது உண்மை என்று நமக்குச் சொல்லவே மாட்டார்கள். அங்கே அதுதான் விஷயமே. பாலசந்தர் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு கடைசியில் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார். அவருக்குக் கிடைத்தது ஒரு தத்துவம், அதை அவர் துப்பறியும் கதையாக்கினார். குறை என்று நான் சொல்லவில்லை. கணவன் எதிரி நாட்டுக்கு உளவு சொல்கிறவன், தடுக்கப் போனவள் மனைவி என்ற முடிவு இன்றைக்குப் பார்த்தாலும் சுருக்கென்று இருக்கிறது.

படம் வசூலில் கைகொடுக்கவில்லை. பாட்டு எங்கே என்று கேட்டவர்கள்தான் அதிகம். பாட்டே இல்லாத 'குருதிப்புனல்' வர 1995 ஆகிவிட்டது. 2019இல் 'கைதி'யைப் பார்த்தவர்களுக்குப் பாட்டு இல்லாதது கண்ணில்கூடப் படவில்லை. அந்த ரசிகனைத் தயார் செய்ய இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

நிலாமுற்றம்

வெள்ளிவிழா ஐயா, பாட்டு என்றாலே த்ரில்லருக்கு எதிரி என்று இங்கே எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. 'புதிய பறவை' (1964) படத்திலிருந்து "பார்த்த ஞாபகம் இல்லையோ" பாட்டை எடுத்துவிட்டால் படத்தில் பேய் எங்கே இருக்கிறது? முதலில் காதலாக வந்த மெட்டு இரண்டாவது முறை வரும்போது அதே சொற்கள் விசாரணை மாதிரி கேட்கும். "எங்கே நிம்மதி" பாட்டில் குற்றவாளி வாய் திறந்து கத்தாததைப் பாட்டு கத்துகிறது. 'மூடுபனி'யில் (1980) கிடாரோடு "என் இனிய பொன் நிலாவே" பாடுகிறவன் யார் என்பது நமக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாது. ரீல்பெட்டி அண்ணன் சொன்ன குண்டை இளையராஜா பாட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். அந்தப் பாட்டை வளைகாப்பு வீட்டில் போடுகிறார்கள், அது தனிக் கதை.

எனக்குப் புளித்துப்போன சட்டம் வேறு. சைக்கோ கொலைகாரனுக்கு ஒரு சின்ன வயதுக் கதை வேண்டும், அதில் ஒரு பெண் தப்பு செய்திருக்க வேண்டும். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) தொடங்கி இதே பாட்டுதான். 'மூடுபனி'யிலும் அப்பாவை மயக்கிய ஒருத்தி, அடி வாங்கிய அம்மா, வளர்ந்து கொலை செய்யும் மகன். 'மன்மதன்' (2004) வரை வந்தால், செத்த பெண்களுக்கு நியாயம்தான் கிடைத்தது என்கிற மாதிரியே படம் பேசும். 'ராட்சசன்' படத்தில் நோயால் முகம் மாறிய ஒரு பையனும் அவனை ஏளனம் செய்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும். செத்துப்போகும் பெண்களுக்கு மட்டும் எந்த ஃப்ளாஷ்பேக்கும் கிடையாது. ஒரு பிறந்தநாள் கேக், ஒரு ஸ்கூட்டி, அவ்வளவுதான்.

கொங்குத்தேன்

மேடம், கொலைகாரன் ஏன் அப்படி ஆனான் என்று காட்டுவது அவனை நியாயப்படுத்துவதா? காரணமே சொல்லாவிட்டால் "லாஜிக் இல்லை" என்று இதே இழையில் எழுதுவோம்.

நிலாமுற்றம்

காட்டட்டும், யார் வேண்டாம் என்றது? 'யுத்தம் செய்' (2011) படத்தில் கொலை செய்கிறவர்களுக்கும் முன்கதை உண்டு. அது தெரிந்ததும் நம் கோபம் திரும்புவது அந்தப் பெண்ணுக்கு அப்படிச் செய்தவர்கள் பக்கம். காரணம் சொல்கிறார்கள் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

'சிகப்பு ரோஜாக்க'ளை நான் முழுக்கத் தள்ளவும் மாட்டேன். அதில் கொலைகளைப் படமெடுத்து வைத்து வளர்ப்புத் தந்தை உட்கார்ந்து பார்ப்பான். நாமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் பார்க்கிறோம். பாரதிராஜா தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொங்குத்தேன்

சரி, இந்தப் புள்ளியில் எனக்குப் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

கோர்ட்டுவாசல்

படிக்க மட்டும் வருகிறவன், இன்று கை அரிக்கிறது. நான் கீழமை நீதிமன்றத்தில் குற்ற வழக்குகள் நடத்துகிறவன்.

நம் த்ரில்லர்களின் மிகப் பெரிய எழுதாத சட்டம், கடைசியில் கொலைகாரன் எல்லாவற்றையும் தன் வாயால் சொல்வான் என்பது. 'புதிய பறவை'யின் முழுத் திட்டமே அதுதான். மனைவியை அறைந்து அவள் செத்துப்போக, உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்த ஒருவனைச் சுற்றி ஒரு நாடகமே போட்டு வாக்குமூலம் வாங்குவார்கள். சுற்றி இருந்தவர்கள் போலீஸ், காதலி உட்பட. தியேட்டரில் அது அபாரம். கோர்ட்டில் முதல் வாய்தாவிலேயே நான் எழுந்து நிற்பேன். 1872ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டம், பிரிவு 25: போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண் 23 ஆகிவிட்டது, உள்ளடக்கம் அதேதான். அடித்து உதைத்துச் சொல்ல வைப்பார்கள் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே போட்ட வேலி அது. போலீஸ் என்று தெரியாமல் காதலியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டால், அதற்கே இரண்டு நாள் வாதம் நடக்கும்.

வேலியில் ஒரு சந்து உண்டு, பழைய பிரிவு 27. அவன் சொன்ன இடத்தில் தோண்டிப் பொருள் கிடைத்தால், கிடைத்த பொருளைப் பற்றி அவன் சொன்ன அந்தப் பகுதி மட்டும் செல்லும். பேப்பரில் "அவர் அடையாளம் காட்டிய இடத்தில் கத்தி கைப்பற்றப்பட்டது" என்று படிப்பீர்களே, அந்த வாக்கியத்தின் அடியில் இருப்பது இந்தப் பிரிவுதான்.

இப்போது 'பாபநாசம்' பாருங்கள். சின்ன மகளை அடித்து உண்மையை வாங்கிவிடுவார்கள். தோண்டுவார்கள். கன்றுக்குட்டியின் உடல் வரும். அந்த நொடியில் அந்த வாக்குமூலம் வெறும் காகிதம். உடல் கிடைக்காமலும் தண்டனை கொடுத்த வழக்குகள் உண்டு, ஆனால் மற்ற சாட்சியம் பலமாக இருக்க வேண்டும். படத்தின் நாயகன் சுயம்புலிங்கம் தயாரித்து வைத்ததோ எதிர்ச் சாட்சிகளை. பஸ் கண்டக்டர், ஹோட்டல்காரர், தியேட்டர் ஆபரேட்டர் என்று ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதாக நம்பியதைச் சொல்கிறார்கள், ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. உடல் இருக்கும் இடத்தை மனைவி மகளிடம்கூட அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்றாம்வரிசை திரைக்கதைக் காரணம் சொன்னார். எனக்கு அது சட்டக் காரணமாகவே தெரிகிறது. தெரியாததை யாராலும் தோண்டிக் காட்ட முடியாதே!

ரீல்பெட்டி

சாட்சிகளில் ஆபரேட்டரைச் சேர்த்ததற்கு நன்றி வக்கீல் சார். எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பின்சீட்டு

செல்போன் வந்த பிறகு பாவம் எழுத்தாளர்கள். முன்பு டெலிபோன் ஒயரை அறுத்தால் போதும். இப்போது சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை, போன் கீழே விழுந்து உடைந்தது, இந்த மூன்றில் ஒன்று கட்டாயம். சிசிடிவி வேறு. தெரு முழுக்கக் கேமரா, கொலை நடந்த அன்றைக்கு மட்டும் அது ரிப்பேர்.

வெள்ளிவிழா

அதில் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. பழைய படத்தில் அதிகாரி முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். இப்போது டவர், கால் ரெக்கார்டு, ஃபுட்டேஜ் என்று உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது. தேடுவதே காட்சியாகிவிட்டது. ஒரே ஃபுட்டேஜை நான்கு தடவை ஓட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது, வயதான கோளாறாக இருக்கலாம்.

மூன்றாம்வரிசை

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஒரு தகவல். வெள்ளிவிழா ஐயா சொன்னாரே என்று நேற்று ராத்திரி அம்மாவுக்கு 'அந்த நாள்' போட்டுக் காட்டினேன். அம்மா அதை இதுவரை பார்த்ததில்லையாம். எடுத்த எடுப்பிலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுந்து செத்துப்போனார். இப்போது கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று நான் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அசையவில்லை. ஒவ்வொருவர் கதையிலும் சிவாஜி வந்து வந்து போனார். ஒருவர் மாற்றி ஒருவர் பழி சொன்னார்கள். யார்மேலும் அம்மா சந்தேகப்படவில்லை. படம் முடிகிற நேரத்தில் மனைவியாக வரும் பண்டரிபாய் அழ ஆரம்பித்தபோது நானே பொறுக்க முடியாமல், "யாரும்மா கொன்னது?" என்று கேட்டேன்.

"யாரும் கொல்லலடா. சிவாஜியை முதல் சீன்லயே சாகடிப்பாங்களா? இது தம்பி. அண்ணன் எங்கயோ இருக்கான், வருவான் பாரு."

திரையில் 'வணக்கம்' போட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ரிமோட்டைத் தரவில்லை.